வக்கீல் ஆபீஸில் கம்ப்யூட்டர்: தேதி, தாள், சாட்சியம்

இன்று வக்கீல் ஆபீஸ்களிலும் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ஆனால் பல இடங்களில் அது பழைய டைப்ரைட்டர் இருந்த மேஜையில், அதே டைப்ரைட்டர் வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது. நோட்டீஸ் டைப் செய்வது, பிரிண்ட் எடுப்பது, பிறகு ஷட் டவுன் செய்வது. அவ்வளவுதான்.

என் பெரியப்பா ஒரு தாலுகா ஊரில் முப்பது வருடமாக வக்கீல். அவர் ஆபீஸிலும் இதே நிலைதான். சில மாதங்களுக்கு முன் அவரிடம் ஒரு கடைக்காரர் வந்தார். தெரிந்தவருக்கு மூன்று லட்சம் ரூபாய் கைமாற்றாகக் கொடுத்திருக்கிறார். வாங்கியவர், "அடுத்த மாதம் தந்துவிடுகிறேன் அண்ணாச்சி" என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவே அனுப்பியிருக்கிறார். இதைவிட நல்ல சாட்சியம் வேண்டுமா? ஆனால் பெரியப்பாவைப் பார்க்க வருவதற்கு முன்பே கடைக்காரர் பழைய போனை எக்ஸ்சேஞ்ச் செய்து புதுப் போன் வாங்கிவிட்டார். பேக்கப் எடுக்கவில்லை. கையில் மிஞ்சியது இரண்டு ஸ்கிரீன் ஷாட் மட்டும். கடைசியில் பாதித் தொகைக்குச் சமாதானம் பேசி முடித்தார்கள்.

அன்று இரவு பெரியப்பா என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நீ கம்ப்யூட்டர் படிச்சவன். இந்தப் பெட்டியை வச்சு நான் என்னென்ன செய்யலாம்னு வரிசையாச் சொல்லு. கட்சிக்காரன் நஷ்டப்படக் கூடாது" என்றார். அவருக்குச் சொல்லிக் கொடுத்ததையே இங்கே பாடமாகத் தருகிறேன். புதிதாக கம்ப்யூட்டர் வாங்கிய வக்கீல்கள், அவர்களின் குமாஸ்தாக்கள், வழக்கு நடத்தும் கட்சிக்காரர்கள் எல்லோருக்கும் இது பயன்படும். தனியாக சாப்ட்வேர் எதுவும் விலை கொடுத்து வாங்கத் தேவையில்லை.

பாடம் 1: வாய்தா தேதியைத் தெரிந்துகொள்வது

இந்தியாவில் கோர்ட்டுகளை கம்ப்யூட்டர் மயமாக்கும் ஈகோர்ட்ஸ் திட்டம் 2007-ல் தொடங்கியது. 2023 செப்டம்பரில் இதன் மூன்றாம் கட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 7,210 கோடி ரூபாய் ஒதுக்கி ஒப்புதல் தந்தது. இத்திட்டத்தால் நமக்கு நேரடியாகக் கிடைக்கும் பயன், மாவட்ட, தாலுகா கோர்ட் வழக்குகளின் நிலையை வீட்டிலிருந்தே பார்க்கும் வசதி.

இதற்கு ஈகோர்ட்ஸ் சர்வீசஸ் என்ற அரசு இணையதளமும், அதே பெயரில் மொபைல் ஆப்பும் உள்ளன. இரண்டும் இலவசம். தளத்தின் முகவரி "கவ் டாட் இன்" என்று முடிகிறதா எனப் பார்த்துக்கொள்ளுங்கள். வேறு மாதிரி முடிந்தால் அது அரசின் தளம் அல்ல.

ஒவ்வொரு வழக்குக்கும் சிஎன்ஆர் எண் என்று 16 இடங்கள் கொண்ட ஒரு அடையாளம் உண்டு. முதல் இரண்டு எழுத்து மாநிலம். நம் மாநிலத்துக்கு டிஎன். அடுத்த இரண்டு எழுத்து மாவட்டம். அதன்பின் இரண்டு இலக்கம் எந்த கோர்ட் வளாகம் என்பதைக் காட்டும். பிறகு ஆறு இலக்க வரிசை எண், கடைசி நான்கு இலக்கம் வருடம். வழக்கு எண் ஒரு கோர்ட்டிலிருந்து இன்னொரு கோர்ட்டுக்கு ஒத்துப்போகலாம். சிஎன்ஆர் எண் ஒரு வழக்குக்கு ஒன்றுதான். எனவே கேஸ் கட்டின் மேலட்டையில் முதலில் இதை எழுதி வையுங்கள்.

இந்த எண்ணைக் கொடுத்தால் அடுத்த வாய்தா தேதி, வழக்கு எந்த நிலையில் உள்ளது, முந்தைய வாய்தாக்களில் என்ன நடந்தது ஆகியவை திரையில் வரும். எண் தெரியாவிட்டால் கட்சிக்காரர் பெயர், வக்கீல் பெயர், வழக்கு எண் கொண்டும் தேடலாம். மொபைல் ஆப்பில் உங்கள் வழக்குகளை எல்லாம் சேமித்து ஒரே பட்டியலாக வைத்துக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. இணையத்தில் தேதி ஏறுவதற்குச் சில நேரம் தாமதமாகும். கோர்ட்டில் கூப்பிட்டுச் சொன்ன தேதியை டைரியில் எழுதும் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். இரண்டும் வேறுபட்டால் கோர்ட் அலுவலகத்தில் கேட்டுச் சரிபாருங்கள்.

பாடம் 2: கெடு தேதியை எக்ஸெல் கணக்கிடட்டும்

வாய்தா தேதியை கோர்ட் சொல்லும். கெடு தேதியை யாரும் சொல்ல மாட்டார்கள். அதை நாம்தான் கணக்கிட வேண்டும். இதில்தான் மனிதர்கள் தவறுகிறோம்.

செக் திரும்பிய வழக்கை எடுத்துக்கொள்வோம். மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-வது பிரிவின்படி, செக் திரும்பியதாக வங்கியிலிருந்து தகவல் கிடைத்த 30 நாளுக்குள் செக் கொடுத்தவருக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் அவர் பணம் தர வேண்டும். தராவிட்டால், அதன்பின் ஒரு மாதத்துக்குள் மேஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் புகார் தாக்கல் செய்ய வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் புகாரின் தாமதத்தை கோர்ட் மன்னிக்கலாம். நோட்டீஸின் தாமதத்தை மன்னிக்கச் சட்டத்தில் அப்படி வசதி செய்யவில்லை.

இப்போது எக்ஸெல்லைத் திறந்து, முதல் வரியில் கீழ்க்கண்ட தலைப்புகளை டைப் செய்யுங்கள்.

ஏ பத்தி: கட்சிக்காரர் பெயர்
பி பத்தி: வங்கி மெமோ கிடைத்த தேதி
சி பத்தி: நோட்டீஸ் அனுப்பக் கடைசி தேதி
டி பத்தி: நோட்டீஸ் எதிராளிக்குக் கிடைத்த தேதி
இ பத்தி: 15 நாள் முடியும் தேதி
எப் பத்தி: புகாருக்குக் கடைசி தேதி

1. பி2 செல்லில் மெமோ கிடைத்த தேதியைக் கொடுங்கள். உதாரணமாக 6 ஜனவரி 2025.

2. சி2 செல்லுக்குச் சென்று சமக்குறியை டைப் செய்யுங்கள். பின் மவுஸால் பி2 செல்லில் ஒரு க்ளிக். அடுத்து கூட்டல் குறி, 30. இப்போது என்டர் தட்டுங்கள். 5 பிப்ரவரி 2025 என்று விடை வரும்.

3. நோட்டீஸ் கிடைத்ததற்கான அஞ்சல் அட்டை வந்தவுடன், அதிலுள்ள தேதியை டி2-வில் கொடுங்கள். உதாரணமாக 27 ஜனவரி 2025. இ2 செல்லில் சமக்குறி, டி2-வில் க்ளிக், கூட்டல் குறி, 15, என்டர். 11 பிப்ரவரி என்று வரும். அன்றுவரை பணம் வராவிட்டால் மறுநாள் 12 பிப்ரவரி முதல் வழக்குக்கான காரணம் பிறக்கிறது.

4. எப்2 செல்லில் 30 என்று கூட்டக் கூடாது. சட்டம் சொல்வது ஒரு மாதம். அதாவது காலண்டர் மாதம். இதற்கு எக்ஸெல்லில் இடேட் என்ற பங்ஷன் உள்ளது. சமக்குறி இட்டு, ஆங்கிலத்தில் இ, டி, ஏ, டி, இ என்ற ஐந்து எழுத்துகளை டைப் செய்து, அடைப்புக்குறியைத் திறங்கள். இ2-வில் க்ளிக் செய்து, கூட்டல் 1, கமா, மீண்டும் 1 என டைப் செய்து அடைப்புக்குறியை மூடி என்டர் தட்டுங்கள். தேதிக்குப் பதிலாக ஏதோ ஐந்து இலக்க எண் வந்தால் பயப்பட வேண்டாம். ஹோம் டேபில் நம்பர் என்ற பகுதிக்குச் சென்று ஷார்ட் டேட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். 12 மார்ச் 2025 எனக் கிடைக்கும்.

இங்கே 30 நாள் என்று கூட்டியிருந்தால் 14 மார்ச் வந்திருக்கும். பிப்ரவரிக்கு 28 நாள்தானே! இரண்டு நாள் தாமதமாகப் போய் நின்று, கோர்ட்டில் மன்னிப்பு மனு போட வேண்டியிருக்கும். பெரியப்பாவுக்கு நான் சொன்னதில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்த இடம் இதுதான்.

அடுத்த கட்சிக்காரருக்கு இதையெல்லாம் மறுபடி டைப் செய்ய வேண்டாம். சி2 செல்லைத் தேர்ந்தெடுத்தால் அதன் வலது கீழ் மூலையில் சின்னச் சதுரம் தெரியும். அதை மவுஸால் பிடித்துக் கீழே இழுத்தால் பார்முலா எல்லா வரிகளுக்கும் காப்பியாகிவிடும். இ2, எப்2 செல்களையும் அப்படியே இழுத்து விடுங்கள்.

நெருங்கும் தேதி தானாகச் சிவப்பாக வேண்டுமா? சி, எப் பத்திகளைத் தேர்ந்தெடுத்து ஹோம் டேபில் கண்டிஷனல் பார்மேட்டிங், ஹைலைட் செல்ஸ் ரூல்ஸ், எ டேட் அக்கரிங் என்று செல்லுங்கள். திஸ் வீக் என்பதற்குச் சிவப்பும், நெக்ஸ்ட் வீக் என்பதற்கு மஞ்சளும் கொடுங்கள். தினமும் காலையில் இந்தப் பைலைத் திறந்தால் போதும்.

முக்கியக் குறிப்பு: கம்ப்யூட்டரில் தேதி அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால், நீங்கள் 3/4 என்று டைப் செய்வதை அது மார்ச் 4 என்று எடுத்துக்கொள்ளும். நீங்கள் நினைத்தது ஏப்ரல் 3. விண்டோஸ் செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்குவேஜ் பகுதிக்குச் சென்று ரீஜனல் பார்மேட் என்பதை இங்கிலீஷ் இந்தியா என மாற்றிவிடுங்கள். மாதத்தின் பெயரை ஆங்கில எழுத்தில் டைப் செய்தால் இந்தக் குழப்பமே வராது. எக்ஸெல் இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸ் கால்க் என்ற இலவசத் தொகுப்பில் இதே கணக்கைப் போடலாம்.

பாடம் 3: கேஸ் கட்டை பைலாக மாற்றுவது

ஒவ்வொரு வழக்குக்கும் ஒரு போல்டர் உருவாக்குங்கள். போல்டர் பெயர் வருடம், வழக்கு எண், கட்சிக்காரர் பெயர் என்ற வரிசையில் இருக்கட்டும். உள்ளே வைக்கும் பைல்களின் பெயரில் முதலில் தேதி வர வேண்டும். அதுவும் வருடம், மாதம், நாள் என்ற வரிசையில். 2025-02-05 நோட்டீஸ், 2025-03-10 புகார் என்பது போல. இப்படி வைத்தால் விண்டோஸ் தானாகவே எல்லாவற்றையும் கால வரிசையில் அடுக்கிவிடும்.

தமிழில் டைப் செய்பவர்கள் யூனிகோட் எழுத்துருவையே பயன்படுத்துங்கள். பழைய எழுத்துருக்களில் டைப் செய்த மனு, அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் புரியாத குறிகளாகத்தான் தெரியும். பெயரைக் கொடுத்துத் தேடவும் முடியாது. விண்டோஸ் 11-ல் தமிழ் மொழியைச் சேர்த்தால் தமிழ்99 கீபோர்டும் கிடைக்கும்.

கோர்ட்டில் ஈ-பைலிங் முறையில் தாக்கல் செய்யும்போது பிடிஎப் பைலாகக் கேட்பார்கள். பலர் வேர்டில் டைப் செய்து, பிரிண்ட் எடுத்து, மறுபடி அதை ஸ்கேன் செய்கிறார்கள். இதனால் எழுத்துகள் வெறும் படமாகிவிடும். பைல் பெரிதாகும், உள்ளே தேட முடியாது. வேர்டிலேயே பைல் மெனுவில் சேவ் அஸ் சென்று பிடிஎப் என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். கையெழுத்துள்ள பக்கத்தையும் பழைய பத்திரங்களையும் மட்டும் 300 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்யுங்கள்.

பெயரையோ ஆதார் எண்ணையோ மறைக்க அதன்மேல் கறுப்புப் பட்டை வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். 2019 ஜனவரியில் அமெரிக்காவில் பால் மனபோர்ட் வழக்கில் அவருடைய வக்கீல்கள் இப்படித்தான் தாக்கல் செய்தார்கள். பட்டைக்கு அடியில் இருந்த வரிகளைப் பத்திரிகையாளர்கள் காப்பி செய்து ஒட்டிப் படித்துவிட்டார்கள். மறைக்க வேண்டியதை வேர்டிலேயே அழித்துவிட்டு, பிறகு பிடிஎப் ஆக்குங்கள்.

பாடம் 4: மின்னணுச் சாட்சியம்

இதுதான் முக்கியமான பாடம். கடைக்காரர் பணத்தை இழந்தது இங்கேதான்.

மின்னணுப் பதிவுகளை கோர்ட்டில் காட்டும் முறையைச் சொல்ல, 2000-ம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் மூலம் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் 65பி என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. மூலக் கருவியைக் கொண்டுவராமல் நகலைக் காட்டினால் சான்றிதழ் கட்டாயம் என்று அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் 2020 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதிநியம் என்ற புதிய சட்டம் அமலுக்கு வந்துள்ளது. அதில் இது 63-வது பிரிவு. சான்றிதழின் படிவம் சட்டத்தின் அட்டவணையிலேயே உள்ளது. முதல் பகுதியைச் சாட்சியம் தருபவரும், இரண்டாம் பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும். அதில் கருவியின் மாடல், சீரியல் எண் போன்றவற்றோடு ஹாஷ் மதிப்பு என்று ஒன்றையும் கேட்கிறார்கள்.

ஹாஷ் என்றால் என்ன? ஒரு பைலின் கைரேகை என்று வைத்துக்கொள்ளுங்கள். பைலில் உள்ள எல்லாவற்றையும் கணக்கிட்டு ஒரு நீளமான எண்ணை கம்ப்யூட்டர் தரும். எஸ்எச்ஏ-256 என்ற முறையில் இது 64 எழுத்துகள் கொண்டது. பைலில் ஒரே ஒரு புள்ளியை மாற்றினாலும் இந்த எண் முற்றிலும் மாறிவிடும். எனவே இன்று எடுத்த ஹாஷும், இரண்டு வருடம் கழித்து விசாரணையில் எடுக்கும் ஹாஷும் ஒன்றாக இருந்தால், இடையில் யாரும் பைலில் கை வைக்கவில்லை என்று பொருள்.

ஹாஷ் எடுக்கும் முறை:

1. 7-ஜிப் என்ற இலவச சாப்ட்வேரை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி நிறுவுங்கள்.

2. சாட்சியமான பைலின் மேல் ரைட் க்ளிக் செய்யுங்கள். விண்டோஸ் 11 என்றால் ஷோ மோர் ஆப்ஷன்ஸ் என்பதையும் க்ளிக் செய்ய வேண்டும்.

3. மெனுவில் சிஆர்சி எஸ்எச்ஏ என்ற வரியில் மவுஸை வைத்தால் துணை மெனு விரியும். அதில் எஸ்எச்ஏ-256 என்பதை க்ளிக் செய்யுங்கள்.

4. ஒரு சிறிய விண்டோவில் பைலின் பெயர், அளவு, ஹாஷ் மதிப்பு மூன்றும் வரும். அதைக் காப்பி செய்து வேர்டில் ஒட்டி, தேதி, நேரத்துடன் சேமியுங்கள்.

சோதித்துப் பார்க்க நோட்பேடில் உங்கள் பெயரை டைப் செய்து ஹாஷ் எடுங்கள். பின் ஒரு எழுத்தை மாற்றி மீண்டும் எடுத்துப் பாருங்கள். நான் சொன்னது புரியும்.

கட்சிக்காரரிடம் முதல் நாளே சொல்ல வேண்டியவை:

* போனை விற்கவோ, மாற்றவோ, பார்மேட் செய்யவோ கூடாது. மூலப் பதிவு அதில்தான் இருக்கிறது.

* வாட்ஸ்அப்பில் டிஸப்பியரிங் மெசேஜ் வசதி இயங்கினால் உடனே நிறுத்த வேண்டும்.

* ஸ்கிரீன் ஷாட்டை மட்டும் நம்பக் கூடாது. அந்த உரையாடலைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் மோர், எக்ஸ்போர்ட் சாட் என்று சென்று, இன்க்ளூட் மீடியா எனக் கொடுத்து ஒரு நகல் எடுக்க வேண்டும்.

* வீடியோ, போட்டோவை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு வேறு பைலாகிவிடும். ஹாஷ் மாறும். யூஎஸ்பி கேபிள் மூலம் நேரடியாக கம்ப்யூட்டரில் காப்பி செய்வதே நல்லது.

* சிசிடிவி பதிவு தேவைப்பட்டால் அன்றே கேட்க வேண்டும். ஹார்ட் டிஸ்க் நிறைந்ததும் பழைய பதிவின்மேல் புதிய பதிவு ஏறிவிடும்.

பாடம் 5: தீர்ப்புகளைத் தேடுவது

உச்ச நீதிமன்றத்தின் இஎஸ்சிஆர் தளம் 2023 ஜனவரியில் தொடங்கப்பட்டது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அறிக்கைகளை இதில் இலவசமாகத் தேடிப் படிக்கலாம். பல தீர்ப்புகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் கிடைக்கிறது. ஆனால் மொழிபெயர்ப்பைக் கட்சிக்காரருக்கு விளக்கப் பயன்படுத்துங்கள். வாதத்துக்கு ஆங்கில மூலத்தையே படியுங்கள்.

இப்போது பலரும் சாட்ஜிபிடி போன்றவற்றிடம் முன்தீர்ப்பு கேட்கிறார்கள். எழுதிய மனுவைச் சுருக்கவும், கடிதத்தின் நடையைத் திருத்தவும் அவை உதவும். ஆனால் இல்லாத வழக்கையும் இருப்பது போலவே பெயர், எண்ணுடன் சொல்லிவிடும். நியூயார்க்கில் மாட்டா எதிர் ஏவியாங்கா வழக்கில் இரண்டு வக்கீல்கள் இப்படிக் கிடைத்த போலித் தீர்ப்புகளை கோர்ட்டில் காட்டிவிட்டார்கள். 2023 ஜூனில் அவர்களுக்கும் அவர்கள் நிறுவனத்துக்கும் 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. எனவே எந்தத் தீர்ப்பையும் அதிகாரபூர்வத் தளத்தில் திறந்து கண்ணால் பார்த்த பிறகே மனுவில் சேருங்கள். கட்சிக்காரரின் பெயர், முகவரி, ரகசியங்களை அதில் டைப் செய்யாதீர்கள்.

பாடம் 6: பூட்டும் நகலும்

கட்சிக்காரர் உங்களிடம் சொன்னதைக் காப்பது உங்கள் கடமை. கம்ப்யூட்டருக்கு பாஸ்வேர்ட் வையுங்கள். முக்கியமான வேர்ட் பைலில் பைல், இன்போ, புரொடெக்ட் டாக்குமென்ட், என்கிரிப்ட் வித் பாஸ்வேர்ட் என்று சென்று தனிப் பூட்டுப் போடலாம். அந்த பாஸ்வேர்டை மறந்தால் திறக்க வழியில்லை. ஆகவே நோட்டில் எழிதி பீரோவில் வைத்துப் பூட்டுங்கள்.

எதிர்த்தரப்புக்கு வேர்ட் பைல் அனுப்பாதீர்கள். நீங்கள் அடித்துத் திருத்தியதெல்லாம் அதில் தெரிந்துவிடலாம். பிடிஎப் ஆக்கி அனுப்புங்கள்.

வாரம் ஒருமுறை எல்லா வழக்கு போல்டர்களையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்யுங்கள். காப்பி முடிந்ததும் அதைக் கழற்றி வீட்டில் வையுங்கள். கம்ப்யூட்டரிலேயே மாட்டி வைத்தால் வைரஸ் வந்தால் இரண்டும் சேர்ந்து போகும்.

இன்றே தொடங்குங்கள்

ஆறு பாடத்தையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். முதல் வாரம் எக்ஸெல் பட்டியல். இரண்டாம் வாரம் போல்டர்கள். மூன்றாம் வாரம் ஹாஷ் எடுத்துப் பழகுங்கள்.

பெரியப்பா இப்போது ஒரு வெள்ளைத் தாளில் "போனை மாற்றாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள், முதலில் இங்கே கொண்டு வாருங்கள்" என்று பெரிய எழுத்தில் டைப் செய்து, பிரிண்ட் எடுத்து, கட்சிக்காரர்கள் உட்காரும் பெஞ்சுக்கு எதிரே ஒட்டியிருக்கிறார். அதை யார் உதவியும் இல்லாமல் அவரே டைப் செய்தார். போன மாதம் ஒரு அம்மா அதைப் படித்துவிட்டு, விற்பதற்காகப் பையில் வைத்திருந்த பழைய போனை எடுத்து மேஜைமேல் வைத்தாராம்.